கொட்டகையில் கிடந்த கப் கேடட் 122: முதலில் ஓடட்டும், பெயின்ட் அப்புறம்

கேள்வி சுருக்கமாக இது. ஓஹையோவில் ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கிறார் ஒருவர். பழைய உரிமையாளர் கொட்டகையிலேயே விட்டுப்போன மஞ்சள்-வெள்ளை கார்டன் டிராக்டர் ஒன்று நிற்கிறது. பானெட்டில் கப் கேடட் 122 என்று எழுதியிருக்கிறது. பல வருடமாக ஓடவில்லை. "இதைச் சரிசெய்வது வீண் செலவா? மெக்கானிக் வேலை தெரியாத நான் வீட்டிலேயே செய்ய முடியுமா? பழைய இன்ஜினைத் தூக்கிவிட்டுப் புதியது வைத்து, கறுப்பு பெயின்ட் அடித்து, எல்.இ.டி. விளக்கு மாட்டலாமா? பனி தள்ளவும் உதவுமா?"

வீண் செலவு இல்லை, செய்யவும் முடியும். ஆனால் வரிசையைத் தலைகீழாக்கிக் கொள்ளுங்கள். பெயின்ட், விளக்கு, புது இன்ஜின் என்று ஆரம்பித்தவர்களின் டிராக்டர்கள்தான் பாதி பிரித்த நிலையில், அட்டைப்பெட்டி நிறைய போல்ட்டோடு, மலிவு விலைக்கு விளம்பரத்தில் வருகின்றன. முதலில் ஓட வையுங்கள். ஒரு சீசன் வேலை வாங்குங்கள். எது தேய்ந்திருக்கிறது, எது ஒழுகுகிறது என்பதை வண்டியே காட்டிக் கொடுத்துவிடும்.

உங்கள் கையில் இருப்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1961-இல் 7 எச்.பி. கோலர் இன்ஜினோடு முதல் கப் கேடட்டைக் கொண்டுவந்தது. தயாரித்த இடம் கென்டக்கி மாநிலத்து லூயிவில். 122 என்பது 1965 முதல் 1967 வரை வந்த மாடல். 12 எச்.பி. கோலர் கே301 இன்ஜின், முன்னால் போக மூன்று கியர், ஒரு ரிவர்ஸ். பின்பக்கக் கியர்ப்பெட்டி அதே கம்பெனியின் ஃபார்மால் கப் என்ற சிறு பண்ணை டிராக்டரின் பரம்பரையில் வந்தது, வார்ப்பிரும்பில் வார்த்தது. 1981-இல் கப் கேடட் பிரிவு எம்.டி.டி. கம்பெனிக்குக் கை மாறியது. இன்று பெரிய கடைகளில் வரிசையாக நிற்கும் விலை குறைந்த புல்வெட்டும் டிராக்டர்களின் பின் அச்சு, மண்ணைக் கிளறும் வேலைக்கென்று செய்யப்பட்டதல்ல. உங்களுடையது கலப்பை இழுக்கவே பிறந்தது. அதனால்தான் அறுபது வருடம் கழித்தும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதே காலத்து ஜான் டியர் 110, வீல் ஹார்ஸ், சிம்ப்ளிசிட்டி, போலன்ஸ் டிராக்டர்கள் எல்லாம் கிட்டத்தட்ட இதே கதைதான். பலவற்றில் இதே கோலர் கே வரிசை இன்ஜின் இருந்ததால், கீழே இன்ஜின் பற்றிச் சொல்வது அவற்றுக்கும் பொருந்தும்.

சரி, வேலைக்கு வருவோம். பேட்டரி வாங்கி வந்து சாவியைத் திருகிப் பார்க்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் இன்ஜினைச் சுற்றியிருக்கும் தகடுகளைக் கழற்றுங்கள். இது காற்றால் குளிரும் இன்ஜின். ஃப்ளைவீல் என்ற கனமான சுழல் சக்கரத்தில் இருக்கும் விசிறிதான் அந்தத் தகடுகளுக்குள் காற்றைத் தள்ளி, சிலிண்டரின் துடுப்புகள் வழியாக வெளியேற்றுகிறது. கொட்டகையில் நின்ற வண்டி என்றால் உள்ளே எலிக்கூடு நிச்சயம். காய்ந்த புல், கிழிந்த துணி, பாதாம் கொட்டை ஓடு, பழைய எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகிப் போன தூசி என்று துடுப்புகளுக்கிடையே இறுகிக் கிடக்கும். அப்படியே ஓட்டினால் பத்து நிமிடம் நன்றாக ஓடும், அப்புறம் சூடேறிப் பிஸ்டன் கவ்வும். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, நனைத்து, மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். எலி எச்சத்தைக் காய்ந்த நிலையில் ஊதாதீர்கள்.

அடுத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு முன்பக்கத்துக் கிராங்க் கப்பியைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் நல்ல காலம். சுற்றாவிட்டாலும் பயப்பட வேண்டாம். பிளக் துளை வழியாக அசிட்டோனும் ஆட்டோமேடிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றி, சில நாள் ஊற விடுங்கள். தினமும் கப்பியை இரு பக்கமும் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஸ்டார்ட்டரை வைத்து உலுக்கவோ ஃப்ளைவீலைச் சுத்தியலால் தட்டவோ கூடாது. வார்ப்பிரும்புத் துடுப்பு ஒன்று உடைந்தால் ஃப்ளைவீலே போச்சு. இதற்கும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றிவிடுவது நல்லது. வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால், ஹெட் என்பது வெறும் மூடிதான். திறந்தவுடன் பிஸ்டன் பிடித்திருக்கிறதா, வால்வு மேலேயே மாட்டி நிற்கிறதா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இன்ஜின் சுற்றுகிறது என்றால் கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பெரும்பாலான கே வரிசை இன்ஜின்களில் ஸ்டார்ட் செய்யும் வேகத்தில் வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும் ஒரு ஏற்பாடு, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டில் இருக்கிறது. அதனால் சாதாரணக் கம்ப்ரெஷன் கேஜ் வைத்தால் குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்து மனம் நொந்து இன்ஜினைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. சரியான வழி, பிளக்கை மாட்டிவிட்டு, ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் கையால் வேகமாகச் சுழற்றுவது. வெடுக்கென்று திருப்பித் தள்ளினால் கம்ப்ரெஷன் இருக்கிறது. மெத்தென்று தாண்டிப் போனால் வால்வோ ரிங்கோ தேய்ந்திருக்கிறது.

அப்புறம் தீப்பொறி. நின்றுபோன கே இன்ஜின்களில் பெரும்பாலும் கோளாறு பாயிண்ட்டில்தான், அதாவது திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் சிறு தொடுமுனைகளில். பாயிண்ட் இன்ஜினின் வெளிப்பக்கம் ஒரு சின்ன மூடிக்குள் இருக்கிறது. கேம் ஷாஃப்ட்டிலிருந்து வரும் ஒரு சிறு குச்சி அதைத் தள்ளித் திறக்கிறது. வருடக்கணக்கில் நின்றதில் முனைகளில் பார்வைக்கே தெரியாத ஒரு படலம் படிந்திருக்கும். அது போதும், மின்சாரம் கடக்காது. மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு, பிறகு சுத்தமான காகிதத் துண்டை இடையில் வைத்து உருவினால் தீர்ந்தது. குழி விழுந்திருந்தால் பாயிண்ட்டையும் கண்டன்சரையும் சேர்த்தே மாற்றுங்கள். பெரிய விலை இல்லை.

பாயிண்ட் இடைவெளி 20 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது அரை மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை வைத்து அதைச் சரிசெய்வது ஆரம்பம்தான். தீப்பொறி விழும் நேரத்தையும், அதாவது டைமிங்கையும், இதிலேயே வைக்கலாம். ஃப்ளைவீலில் எஸ், டி என்று இரண்டு குறிகள் வெட்டியிருக்கும். எஸ் என்பது பிஸ்டன் மேலே வருவதற்கு 20 டிகிரி முன்பு தீப்பொறி விழ வேண்டிய இடம். பாயிண்ட்டில் ஒரு டெஸ்ட் விளக்கை மாட்டி, கம்ப்ரெஷன் பக்கம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். எஸ் குறி தகட்டிலுள்ள துளைக்கு நேராக வரும் அந்தக் கணம் பாயிண்ட் திறக்க வேண்டும். முன்பே திறந்தால் இடைவெளியைக் குறையுங்கள், தாமதமானால் கூட்டுங்கள். மயிரிழை அளவுக்கு ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி வைக்கும் இந்த வேலையில்தான் பொறுமை வேண்டும். மற்றதெல்லாம் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

கார்புரேட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழுக்கப் பிரித்து, சுத்தம் செய்யும் திரவத்தில் ஊறவைத்து, ஒவ்வொரு துளையிலும் காற்று ஊதி மறுபக்கம் வருகிறதா பாருங்கள். அடைத்த துளைக்கு ஒற்றைச் செம்புக் கம்பி இழை போதும். ட்ரில் பிட் வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் மலிவான நகல் கார்புரேட்டரை வாங்கிப் பழையதைத் தூக்கி எறியாதீர்கள். துராட்டில் ஷாஃப்ட் ஆடும் அளவுக்குத் தேய்ந்திருந்தால்கூட புஷ் அடித்துப் பழையதையே மீட்கலாம். ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இப்போதைய பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் உப்பி நார் நாராகும். எத்தனால் கலக்காத பெட்ரோல் உங்கள் பக்கத்தில் கிடைத்தால், குளிர்காலத்துக்கு மூடிவைக்கும் முன்பாவது அதைப் போட்டு ஓட்டுங்கள்.

ஆயில் எது என்பதற்கு ஒரு ஊர்ச் சண்டையே நடக்கும். கையேடு சொல்வது எஸ்.ஏ.இ. 30, கோடைக்கு. 25 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று. அவ்வளவுதான். எந்த பிராண்ட் என்பதைவிட அளவு முக்கியம். இந்த இன்ஜினில் ஆயில் பம்பே கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி எண்ணெயை வாரி இறைப்பதுதான் மொத்த ஏற்பாடு. ராட் அலுமினியம், உள்ளே தனியாக பேரிங் ஷெல் இல்லாமல் நேராகக் கிராங்க் மேல் ஓடுகிறது. எண்ணெய் குறைந்தால் முதலில் போவது அதுதான். போகும்போது பிளாக்கில் ஓட்டை போட்டுவிட்டுப் போகும்.

இன்னொன்றும் ராடை உடைக்கும்: அதிக வேகம். இந்த இன்ஜினின் உச்சம் 3600 ஆர்.பி.எம். அதைத் தாண்டாமல் காப்பது கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டு ஏற்பாடு. "கவர்னர் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துக் கட்டினால் பவர் ஏறும்" என்று காணொளி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். டிராக்டர் இழுவைப் போட்டிக்காரர்கள் இந்த இன்ஜினை அதைவிட மிக அதிக வேகத்தில் ஓட்டுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் வார்ப்பிரும்பு ஃப்ளைவீலைக் கழற்றி எஃகில் செய்தது போட்டு, சுற்றிலும் கவசமும் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். உங்கள் ஃப்ளைவீல் இருப்பது உங்கள் முழங்காலுக்கு நேராக. அந்த ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம்.

ஸ்டார்ட்டர் என்று தனியாக ஒன்று தேடாதீர்கள். பெல்ட்டில் ஓடும் அந்த நீளமான டெல்கோ-ரெமி உருளைதான் ஸ்டார்ட்டர், அதுவே ஜெனரேட்டர். சுற்றுவது மந்தமாக இருந்தால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது எர்த் கம்பி துருப்பிடித்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். சட்டத்தைப் பளபளவென்று தேய்த்து எர்த் கொடுங்கள். ஜெனரேட்டர் வருடக்கணக்கில் சும்மா இருந்ததால் தன் காந்தத்தை மறந்திருக்கலாம். பேட்டரியை மாட்டியபின், இன்ஜினை ஓட்டுவதற்கு முன், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் பேட் (BAT) என்ற முனையையும் ஜென் (GEN) என்ற முனையையும் ஒரு கம்பித் துண்டால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். சின்னப் பொறி பறக்கும். இதைச் செய்யாமல் "சார்ஜ் ஏறவில்லை" என்று புது ரெகுலேட்டர் வாங்குவது வழக்கமாக நடப்பது.

இவ்வளவுக்குப் பின் இன்ஜின் ஓடிவிடும் என்றே நினைக்கிறேன். நீலப் புகை நிற்காமல் வந்தால், அல்லது அடியில் கடகடவென்று தட்டினால்தான் பிரிக்கும் பேச்சு. அப்போதும் பயமில்லை. வார்ப்பிரும்பு சிலிண்டர் என்பதால் 10, 20, 30 தௌ பெரிய ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ஏற்றபடி சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தலாம் (ரீபோர்). கிராங்க் முனையை 10 தௌ கடைந்து அதற்கேற்ற ராடும் வாங்கலாம். அந்த இரண்டு வேலையையும் மெஷின் ஷாப்பில் கொடுங்கள். பின்னாளில் வேறு கே இன்ஜின் எதையாவது திறக்க நேர்ந்தால், உள்ளே அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் கியர்கள் இருக்கிறதா பாருங்கள். அவற்றின் பேரிங் போனால் கியர் கழன்று பிளாக்கை உடைக்கும் என்பதால், பிரித்தவர்கள் பெரும்பாலும் அவற்றை வெளியே எடுத்துவிட்டுத்தான் மூடுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

இன்ஜினைவிட கப் கேடட்டில் கவனிக்க வேண்டியது கிளட்ச். இதில் பெல்ட் இல்லை. ஃப்ளைவீலிலிருந்து ஒரு ஷாஃப்ட் நேராகக் கியர்ப்பெட்டிக்குப் போகிறது. ஃப்ளைவீலில் மூன்று பின்கள், அவற்றில் மாட்டிய அழுத்தத் தகடுகள், நடுவே கிளட்ச் தட்டு. அந்தப் பின்களில் விரலை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் கிளட்ச் விடும்போது குலுங்கும், சத்தம் வரும். ஷாஃப்ட்டில் பின் போகும் துளைகளும் அப்படித்தான்: வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவமாகியிருக்கும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பின் அடிக்கடி உடையும். புதுப் பின் போட்டால் இரண்டு மாதம் ஓடும். ஷாஃப்ட்டை மாற்றினால் உங்கள் காலம் முழுக்க ஓடும். கிளட்ச் ஸ்பிரிங்கை வைஸிலோ பிரஸ்ஸிலோ பிடித்து அமுக்காமல் பின்னைத் தட்டாதீர்கள், பாய்ந்து வரும். பழைய தட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, அந்தத் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம்.

கியர்ப்பெட்டியின் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்து மழை உள்ளே போனதாக இருக்கும். வடித்து, உறையை மாற்றி, ஹை-டிரான் என்ற கியர்ப்பெட்டி எண்ணெய் ஊற்றுங்கள், போதும்.

இனி நீங்கள் ஆசைப்பட்டவை. புது இன்ஜின் வைப்பது வீல் ஹார்ஸ் மாதிரி பெல்ட்டில் ஓடும் வண்டிக்குச் சுலபம். கப் கேடட்டில் வில்லங்கம். இதில் கோலர் இன்ஜின் ஃப்ளைவீல் பக்கத்தை டிராக்டரின் பின்புறம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. கடையில் வாங்கும் இன்ஜினின் ஷாஃப்ட் மறுபக்கத்தில் இருக்கும். அதைப் பின்னால் பார்க்கத் திருப்பி வைத்தால் சுழலும் திசை மாறிவிடும். மூன்று ரிவர்ஸ் கியர், ஒரு முன் கியர் என்று வண்டி ஓடும்! பின் அச்சைப் பிரித்து உள்ளே மாற்றி அமைத்தோ, அடாப்டர் கடைந்தோ செய்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் டிராக்டரில் அது வேண்டாம். நல்ல கே301 கையில் இருக்கும்போது தேவையும் இல்லை.

எல்.இ.டி. விளக்கு தாராளமாகப் போடுங்கள். பழைய ஜெனரேட்டரின் சார்ஜ் குறைவு என்பதால் எல்.இ.டி.தான் பொருத்தமும்கூட. ஃப்யூஸ் வைத்துத் தனி லைன் இழுங்கள். அதே கையோடு இருக்கைக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் வைத்து, ஆள் எழுந்தால் தீப்பொறிக்கான காயிலுக்குப் போகும் மின்சாரம் நிற்கும்படி செய்துவிடுங்கள். 1960-களில் இந்தப் பாதுகாப்பெல்லாம் யோசிக்கப்படவில்லை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் நான் சொன்ன எல்லா மாற்றத்திலும் இதுதான் முதலில் செய்ய வேண்டியது. பாயிண்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம், பழையதைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். என் விதி ஒன்றுதான்: போல்ட் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும் மாற்றம் எதுவும் சரி, சட்டத்தை அறுத்து வெல்டிங் செய்யும் மாற்றத்துக்கு ஒரு வருடம் யோசிக்கலாம்.

கறுப்பு பெயின்ட்? சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், வண்டி உங்களுடையது. நிறம் மாற்றுவதைக் கம்பெனிகளே செய்திருக்கின்றன. பச்சையையும் மஞ்சளையும் உயிராக நினைக்கும் ஜான் டியர், 1969-இல் பேட்டியோ வரிசை என்று வெள்ளை உடம்போடு சிவப்பு, ஆரஞ்சு, நீலம், மஞ்சள் பானெட்டும் இருக்கையும் விற்றது. அன்று பெரிதாக விற்காத அவற்றைத்தான் இன்று தேடி அலைகிறார்கள். எந்த நிறமானாலும் பழைய பெயின்ட்டைக் காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும் வாய்ப்பு அதிகம். நனைத்துத் தேயுங்கள், அல்லது ஸ்ட்ரிப்பர் பூசி வழித்தெடுங்கள்.

சிறு பாகங்களின் துருவுக்கு வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜர் வைத்து மின்பகுப்பு செய்யலாம். பாகத்துக்கு மைனஸ், ஒரு சாதா இரும்புத் துண்டுக்கு பிளஸ். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அங்கே போடவே கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த வெளியில் வையுங்கள். டப்பா ஸ்ப்ரே பெயின்ட் பெட்ரோல் பட்டால் கரையும், ஆகவே டேங்க் பக்கத்துக்காவது ஹார்டனர் சேர்த்த பெயின்ட் வேண்டும். அதற்கு சாதாரண துணி முகமூடி போதாது, அதற்கென்றே உள்ள ரெஸ்பிரேட்டர் வாங்குங்கள்.

பனி தள்ள இந்த வண்டி அருமை. இதற்கென்றே வந்த 42 அங்குல பிளேடு பழைய சந்தையில் கிடைக்கிறது. ஆனால் பின் சக்கரத்தில் எடை இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு நிற்கும். சங்கிலியும் சக்கர எடையும் போடுங்கள். டயருக்குள் திரவம் நிரப்புவதென்றால் உறையாத வின்ட்ஷீல்ட் வாஷர் திரவம் நல்லது. அந்தக் காலத்தில் ஊற்றிய கால்சியம் குளோரைடு ரிம்மை அரித்துத் தின்றுவிடும். உங்கள் பின் ரிம்மில் வால்வு இருக்கும் இடத்தைச் சுற்றி வெள்ளைப் பூவாகத் துரு பூத்திருந்தால், ஏற்கெனவே அது உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். வேறு எதைத் தொடுவதற்கு முன்பும் அந்த டயரைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.